கோழி எரு: காற்றில் போவதும் மண்ணில் தங்குவதும்

முட்டைக்கோழி ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். அதில் 16, 17 சதவீதம் புரதம். ஆக 18 கிராம் புரதம் உள்ளே போகிறது. முட்டையாக வெளியே வருவது 6 அல்லது 7 கிராம்தான். வளர்ந்து முடிந்த கோழி என்பதால் உடம்பில் பெரிதாக எதுவும் சேர்வதில்லை. மீதி 11 கிராம் சொச்சம் புரதத்தில் இருந்த நைட்ரஜன், அதாவது தழைச்சத்து, எச்சத்தோடு வந்துவிடுகிறது. புரதத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன். அப்படிப் பார்த்தால் ஒரு கோழி தினமும் 1.8 கிராம் தழைச்சத்தைக் கீழே போடுகிறது.

நாமக்கல் வட்டாரப் பண்ணைகளில் ஒரு நாளில் 4 கோடிக்கு மேல் முட்டை கிடைக்கிறது. எல்லாக் கோழியும் தினமும் முட்டையிடாது, ஆகவே கோழிகள் அதைவிட அதிகம். இருந்தாலும் குறைத்தே வைத்துக்கொள்வோம், 4 கோடி என்று. நாளுக்கு 72 டன் தழைச்சத்து ஆகிறது. யூரியாவாக மாற்றிச் சொன்னால் 155 டன்னுக்கு மேல். 45 கிலோ மூட்டையில் கட்டினால் கிட்டத்தட்ட 3,500 மூட்டை. ஒரே மாவட்டத்தைச் சுற்றி, ஒரே நாளில்.

இவ்வளவும் வயலுக்குப் போய்ச் சேர்ந்தால் சேலம், நாமக்கல், ஈரோடு பக்கம் யூரியாவுக்கு யாரும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் சேர்வதில்லை. ஒரு கோழி தினமும் போடும் 100 கிராம் ஈர எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். காய்ந்த பொருள் 25 கிராம்தான். அதில் 1.8 கிராம் தழைச்சத்து என்றால் 7 சதவீதம். அதே எரு கூண்டுக்கு அடியில் மாதக்கணக்கில் கிடந்து, காய்ந்து, லாரி ஏறி, வயலில் கொட்டப்படும்போது சோதித்துப் பார்த்தால் 3 சதவீதம் இருக்கும். வேளாண் கையேடுகளில் கோழி எருவுக்குப் போட்டிருக்கும் 3.03 சதவீதம் என்ற எண்ணும் இதை ஒட்டியதுதான். பாதிக்கு மேல் வழியிலேயே தொலைந்துவிட்டது. எரு மக்கும்போது அதன் எடையும் குறையும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் தொலைந்தது இன்னும் கூடுதல்.

தழைச்சத்துதான் இப்படிப் போகிறது. மணிச்சத்து (பாஸ்பரஸ்), சுண்ணாம்பு, துத்தநாகம் இவையெல்லாம் ஆவியாகாது. வைத்த இடத்தில் அப்படியே இருக்கும். கோழி எரு மண்ணுக்குச் செய்கிற நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இந்த ஒரு ஏற்றத்தாழ்விலிருந்து வருகிறது என்பது என் எண்ணம். "இயற்கை உரம்தானே, எவ்வளவு போட்டால் என்ன" என்று அளக்காமல் கொட்டுகிறவர்கள் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான்.

வெள்ளைப் பூச்சு

கோழிக்குத் தனியாகச் சிறுநீர் கிடையாது. எச்சத்தை உற்றுப் பார்த்தால் கரும்பழுப்புக் கட்டியின் மேல் சுண்ணாம்பு தடவினது போல ஒரு வெள்ளைப் பூச்சு இருக்கும். அதுதான் கோழியின் சிறுநீர்: யூரிக் அமிலம், கெட்டியாக. புது எச்சத்தில் உள்ள தழைச்சத்தில் 60, 70 சதவீதம் இந்த வெள்ளையில்தான் இருக்கிறது. மாட்டுக்கு அப்படியில்லை. மாட்டுச் சிறுநீர் தனியாக ஓடிக் கொட்டகைத் தரையிலோ வாய்க்காலிலோ போய்விடும். குப்பைமேட்டுக்கு வருவது சாணமும் வைக்கோலும்தான். தொழு உரத்தில் அரை சதவீதம் தழைச்சத்து இருந்தாலே நல்ல எரு என்கிறோம். கோழி எருவில் தழைச்சத்து அதைப் போல ஐந்தாறு மடங்கு இருப்பதற்கு, சாணமும் மூத்திரமும் பிரியாமல் ஒன்றாகவே விழுவது முக்கியமான காரணம்.

யூரிக் அமிலம் காய்ந்து கிடக்கும்வரை ஒன்றும் செய்யாது. ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் அதை உடைத்து யூரியாவாக்கி, யூரியாவை அம்மோனியாவாக்கிவிடும். எரு காரத்தன்மையுடன் இருப்பதால் அம்மோனியா நீரில் தங்காமல் வாயுவாகக் கிளம்புகிறது. வெயில் சூடு அதை இன்னும் விரட்டும். கூண்டுப் பண்ணைக்குள் விடியற்காலையில் நுழைந்தால் கண் எரியுமே, மூக்கைத் துளைக்குமே, அது முழுக்கத் தழைச்சத்து. கோழிகள் கொத்திக் குடிக்கும் தண்ணீர் நிப்பிள் ஒழுகும் வரிசையில் நாற்றம் அதிகம் இருப்பதும், மழைக்காலத்தில் ஈயும் வீச்சமும் சேர்ந்து பெருகுவதும் ஈரத்தால்தான். ஒழுகலைச் சரிபார்க்கும் பண்ணைக்காரர் ஈத்தொல்லையை மட்டும் தடுக்கவில்லை, எருவின் விலையையும் காப்பாற்றுகிறார்.

வயலுக்கு வந்த பிறகும் இதே கதை தொடரும். காலையில் எருவைக் கொட்டிப் பரப்பிவிட்டு, டிராக்டர் அடுத்த வாரம்தான் வரும் என்று விட்டுவிட்டால், அந்த ஒரு வாரத்தில் மேலே கிடக்கும் எருவிலிருந்து கிளம்பக்கூடிய அம்மோனியாவில் பெரும்பகுதி கிளம்பிவிடும். அன்றைக்கே உழுது மண்ணுக்குள் மூடினால் களிமண்ணும் மண்ணின் ஈரமும் அதைப் பிடித்துக்கொள்ளும். இதற்குக் காசு செலவில்லை, டிராக்டர்காரரிடம் நாள் பேசி வைத்தால் போதும். ஆனாலும் ஊரில் பாதி வயல்களில் எரு குவியல் குவியலாக வெயிலில் காய்ந்துகொண்டிருப்பதைத்தான் பார்க்கிறோம்.

கோழி எரு சூடு, பயிரைக் கருக்கிவிடும் என்று விவசாயிகள் சொல்வது சரிதான். புது எருவை விதைக்குப் பக்கத்தில் போட்டால் கிளம்பும் அம்மோனியா முளையையும் இளவேரையும் கொல்லும். எருவில் உப்பும் அதிகம், தீவனத்தில் சேர்த்த உப்பு உட்பட; அது வேரிலிருந்து தண்ணீரை இழுக்கும். வேகமாக மக்கும்போது உண்மையாகவே வெப்பமும் கிளம்பும். விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே போட்டு, உழுது, ஒரு தண்ணீர் கட்டி ஆறவிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மிளகாய், கத்தரி நாற்றங்காலில் புது எரு கூடவே கூடாது.

ஆறவிட்ட பிறகு கிடைக்கும் பலன் வேகமானது. எருவில் மிஞ்சி வந்த தழைச்சத்தில் பாதியோ அதற்குக் கொஞ்சம் மேலோ அந்தப் பருவத்திலேயே பயிருக்குக் கிடைத்துவிடும், அதிலும் பெரும்பகுதி முதல் சில வாரங்களில். தொழு உரமோ ஆட்டுக்கிடையோ போட்ட வயலில் பயிர் மெல்லத்தான் கரும்பச்சையாகும். கோழி எரு போட்ட வயல் யூரியா போட்டது போல் பளிச்சென்று பச்சை கட்டும். நடத்தையில் அது பாதி ரசாயன உரம்தான். அதனால் ரசாயன உரத்தில் அளவு மீறினால் வரும் கேடெல்லாம் இதிலும் வரும். நெல்லில் பயிர் கொழுத்துச் சாயும், புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் தேடி வரும். சின்ன வெங்காயத்தில் கழுத்து தடித்துப் பட்டறையில் அழுகும். பயிர் எடுத்தது போக மிஞ்சிய தழைச்சத்து நைட்ரேட்டாக மாறித் தண்ணீரோடு கீழே இறங்கும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. எருக் குவியலுக்குப் பக்கத்திலேயே கிணறு இருக்கிறவர்கள் அந்தத் தண்ணீரை ஒரு தடவை சோதித்துப் பார்ப்பது நல்லது.

மணிச்சத்துக் கணக்கு

தழைச்சத்து மிஞ்சினால் ஒரு பருவத்தில் தெரிந்துவிடும். மணிச்சத்து மிஞ்சினால் பத்து வருடம் கழித்துத்தான் தெரியும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

கோழித் தீவனத்தின் அடிப்படை மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். இவற்றில் உள்ள பாஸ்பரஸில், அதாவது மணிச்சத்தில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற வடிவத்தில் பூட்டியிருக்கிறது. அதைத் திறக்கும் நொதி கோழியின் குடலில் போதுமான அளவு இல்லை. பூட்டிய சத்து அப்படியே எச்சத்தில் போய்விடும். கோழிக்குப் பற்றாமல் போகுமே என்று தீவனத்தில் டைகால்சியம் பாஸ்பேட்டைத் தனியாகச் சேர்ப்பார்கள். அதிலும் ஒரு பங்கு எச்சத்துக்குப் போகும். 1990களிலிருந்து பைட்டேஸ் நொதியைத் தொழிற்சாலையில் தயாரித்துத் தீவனத்தில் கலப்பது உலகமெங்கும் பரவியதால் வெளியேறும் அளவு குறைந்தது. ஆனாலும் ஒரு கோழி நாளுக்கு அரை கிராம் அளவுக்கு பாஸ்பரஸைக் கழிக்கத்தான் செய்கிறது.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புது எச்சத்தில் நைட்ரஜன் 1.8 கிராம், பாஸ்பரஸ் அரை கிராம், மூன்றரைக்கு ஒன்று. வழியில் நைட்ரஜன் பாதிக்கு மேல் போய்விட, வயலுக்கு வரும்போது இரண்டு, இரண்டரைக்கு ஒன்றுதான் இருக்கும். நெல்லோ மக்காச்சோளமோ மண்ணிலிருந்து எடுப்பது ஏறக்குறைய ஐந்துக்கு ஒன்று. ஆக, பயிரின் தழைச்சத்துப் பசியைக் கோழி எருவைக் கொண்டே தீர்ப்பது என்று இறங்கினால், மணிச்சத்து தேவையைப் போலப் பல மடங்கு மண்ணில் விழும்.

வீரிய ஒட்டு மக்காச்சோளத்தையே எடுத்துக்கொள்வோம். அந்தக் கோழிகளின் தீவனமே அதுதானே. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை 250, மணி 75, சாம்பல் (பொட்டாஷ்) 75 கிலோ. ஏக்கருக்கு 100, 30, 30 என்று வரும். உரக் கணக்கில் மணி என்பது வெறும் பாஸ்பரஸ் அல்ல, அதன் ஆக்சைடு (P2O5); அதனால் எண் பெரிதாகத் தெரியும். ஒரு டன் காய்ந்த கோழி எருவில் தழைச்சத்து 30 கிலோ, மணிச்சத்து 26 கிலோ, சாம்பல்சத்து 14 கிலோ என்று வைப்போம். தழைச்சத்தில் பாதிதான் இந்தப் பருவத்தில் கிடைக்கும் என்பதால், 100 கிலோவையும் எருவிலிருந்தே எடுக்க ஆறரை டன் போட வேண்டும். அப்போது மணிச்சத்து 170 கிலோ விழும். வேண்டியது 30. மீதி 140 கிலோ மண்ணோடு தங்கிவிடும். வருடா வருடம் இதையே செய்தால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கைத் திருப்பிப் போட்டால் நிலைமை வேறு. மணிச்சத்துக்கு எவ்வளவு எரு வேண்டுமோ அவ்வளவு மட்டும் போடுவது: ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். மணிச்சத்துக்கு டி.ஏ.பி. (மணியும் கொஞ்சம் தழையும் உள்ள ரசாயன உரம்) தேவைப்படாது. தழைச்சத்தில் 15, 20 கிலோவுக்கு எரு பொறுப்பேற்கும். மிச்சத்தை யூரியாவாகப் பிரித்து மேலுரம் கொடுக்க வேண்டும். கோழி எருவை மணிச்சத்து உரமாக நினைத்து அளப்பதும், தழைச்சத்தை அதோடு வரும் கொசுறாக நினைப்பதும்தான் சரியான முறை என்று எனக்குத் தோன்றுகிறது. பெரும்பாலோர் செய்வது இதற்கு நேரெதிர். எருவையும் கொட்டுவார்கள், வழக்கம் மாறாமல் அடியுரமாக டி.ஏ.பி. மூட்டையையும் பிரிப்பார்கள்.

மிஞ்சிய மணிச்சத்து மண்ணில் தூங்கிக்கொண்டிருந்தால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். மண்ணில் அது அளவு மீறினால் பயிர் துத்தநாகத்தை எடுப்பது தடைபடும். கோழி எருவிலேயே துத்தநாகமும் தாமிரமும் இருப்பதால் இந்தக் குறை உடனே தெரியாது. எருவை நிறுத்திவிட்டு டி.ஏ.பி.யை மட்டும் தொடர்கிற வயலில் தெரியும். மண் அரித்து ஓடும்போதும் சத்து கூடவே ஓடும். ஓடி ஏரியில் சேர்ந்தால் பாசியும் ஆகாயத்தாமரையும் அதை வைத்துத்தான் பெருகும்.

இதை நாடு முழுக்கப் பேசும் அளவுக்குப் பட்டு அறிந்தவர்கள் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் செசபீக் விரிகுடாவை ஒட்டி இருப்பவர்கள். டெல்மார்வா தீபகற்பம் முழுக்கக் கறிக்கோழிப் பண்ணைகள். எருவைத் தூரம் கொண்டுபோனால் கட்டுப்படியாகாது என்று பக்கத்து வயல்களிலேயே தலைமுறைகளாகப் போட்டார்கள். 1997ல் மேரிலாந்தின் போகோமோக் ஆற்றில் மீன்கள் புண்பட்டுச் செத்து மிதந்தன. பிஸ்டீரியா என்ற நுண்ணுயிரின் மேல் பழி விழுந்தது. அது பெருகியதற்கு வயல்களிலிருந்து வடிந்த சத்துதான் காரணம் என்று பேசப்பட்டது. அறிவியலாளர்களிடையே அதில் பின்னால் சர்ச்சை வந்தது வேறு கதை. ஆனால் அடுத்த ஆண்டே, 1998ல், மேரிலாந்து சட்டம் கொண்டுவந்தது: விவசாயிகள் தழைச்சத்துக்கு மட்டுமல்ல, மணிச்சத்துக்கும் கணக்குக் காட்டித்தான் எரு இட வேண்டும். மணிச்சத்து மிஞ்சிய வயல்களிலிருந்து குறைவான வயல்களுக்கு எருவை ஏற்றிப்போக அரசே செலவில் பங்கு கொடுத்தது. எரு ஒன்றுதான், ஓர் இடத்தில் அது பணம், இருபது மைல் தள்ளி அது பிரச்சினை.

நாமக்கல்லுக்கும் இது பொருந்தும். பண்ணையை ஒட்டிய வயல்களில் எரு சும்மா கிடைக்கிறது, போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அம்பது கிலோமீட்டர் தள்ளி மானாவாரி நிலக்கடலைக்காரருக்குக் கிடைப்பதில்லை. பண்ணைப் பக்கத்து வயலில் மண் பரிசோதனை செய்து அட்டையில் மணிச்சத்துக் கட்டத்தைப் பாருங்கள். ஹெக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் என்றாலே 'அதிகம்' என்று போடுவார்கள். அப்படி இருக்கும் வயலுக்கு இன்னொரு டிப்பர் கோழி எரு தேவையில்லை. இலவசமாகத் தந்தாலும் வேண்டாம் என்று சொல்வது லாபம்.

முட்டை ஓட்டுக்குப் போகாத சுண்ணாம்பு

முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புக்கல் குருணையோ கிளிஞ்சலோ நிறையச் சேர்ப்பார்கள். கால்சியம் 4 சதவீதம் வரை. நாளுக்கு 4 கிராமுக்கு மேல் தின்றால், ஓட்டுக்குப் போவது 2 கிராம் சொச்சம். மீதி 2 கிராம் எச்சத்தில். காய்ந்த எருவில் கால்சியம் 8 சதவீதத்தை ஒட்டி வரும். வேறு எந்தக் கால்நடை எருவிலும் இப்படி இருக்காது. கறிக்கோழிக்கு ஓடு கட்டும் வேலை இல்லாததால் பிராய்லர் எருவில் இது மிகக் குறைவு.

நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, கொல்லிமலை போன்ற இடங்களின் புளித்த, அதாவது அமிலம் மிகுந்த, மலை மண்ணுக்கும், கேரளத்துச் செம்புறை மண்ணுக்கும் இது இரட்டை லாபம். சத்தும் சேர்கிறது, புளிப்பும் குறைகிறது. புளித்த மண்ணில் கரைந்து வேரைக் குட்டையாக்கும் அலுமினியமும் அடங்கிவிடும். மேற்கு ஆப்பிரிக்காவின் அமில மண்களில் மக்காச்சோளத்துக்குக் கோழி எரு கொடுத்த நல்ல விளைச்சலுக்கும் இதில் பங்கு உண்டு. சமவெளியில் சுக்கான் கலந்த மண்ணில் கதை தலைகீழ். அங்கே ஏற்கெனவே சுண்ணாம்பு அதிகம். நிலக்கடலையும் கரும்பும் இரும்புச்சத்து எடுக்க முடியாமல் குருத்து வெளுக்கும். அங்கே போய் வருடந்தோறும் முட்டைக்கோழி எருவைக் குவிப்பது புத்திசாலித்தனம் இல்லை. "பக்கத்து ஊரில் போட்டான், நன்றாக வந்தது" என்பதை நம்பும் முன் பக்கத்து ஊர் மண் என்ன மண் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கிழங்குக்காரர் கவலை

சாம்பல்சத்து கோழி எருவில் சுமார்தான். நாமக்கல், சேலம் பக்கத்து முக்கியப் பயிரோ மரவள்ளி. இறவை மரவள்ளிக்குப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை 90, மணி 90, சாம்பல் 240 கிலோ. தழையைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் சாம்பல் கேட்கும் பயிர். கோழி எருவில் அது அப்படியே திரும்பி இருக்கிறது: சாம்பலைப் போல இரண்டு மடங்கு தழை.

எருவை மட்டும் நம்பிக் கொட்டினால் செடி ஆள் உயரத்துக்குத் தழைத்து நிற்கும். வரப்பிலிருந்து பார்க்க அழகாக இருக்கும். பிடுங்கிப் பார்த்தால் கிழங்கில் மாவு ஏறியிருக்காது. ஜவ்வரிசி ஆலைகளில் கிழங்குக்கு விலை போடுவது மாவுச்சத்துப் பாயிண்டை வைத்து. எடை இருந்து பாயிண்ட் இல்லாவிட்டால் டன்னுக்குக் கிடைக்கும் காசு குறையும். கோழி எரு போட்ட மரவள்ளிக்குப் பொட்டாஷ் தனியாகக் கொடுத்தே ஆக வேண்டும். வாழைக்கும் மஞ்சளுக்கும் இதே பேச்சுதான்.

பல்லடத்து எரு வேறு

இதுவரை பேசியது கூண்டுப் பண்ணை எரு. பல்லடம், உடுமலை பக்கம் கறிக்கோழி. தரையில் தென்னை நார்க்கழிவையோ உமியையோ கடலைத்தோலையோ பரப்பி, அதன் மேல் ஆறு வாரம் கோழி வளர்ப்பார்கள். லிட்டர் என்று பண்ணைகளில் சொல்வது எச்சமும் இந்தக் கூளமும் கலந்த கலவையை. இதன் குணம் கூளத்தைப் பொறுத்தது.

கூண்டு எருவில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு எட்டு, பத்து பங்கு கரிமம். நுண்ணுயிர்களுக்குக் கரிமம் பற்றாததால் மிஞ்சும் நைட்ரஜனை அம்மோனியாவாக விட்டுவிடுகின்றன. நார்க்கழிவில் ஒன்றுக்கு நூறு பங்கு கரிமம் இருக்கும். அதை அப்படியே வயலில் போட்டால் மக்குவதற்காக மண்ணில் இருக்கும் நைட்ரஜனையும் இழுத்துக்கொண்டு பயிரை மஞ்சளாக்கும். ஒன்றில் மிஞ்சுவது மற்றதில் குறை. இரண்டையும் கலந்து இருபத்தைந்து, முப்பதுக்கு ஒன்று என்று கொண்டுவந்தால் இரண்டின் குறையும் தீரும்.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் கம்போஸ்ட் முறை இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. கோழிக் கழிவோடு நார்க்கழிவைக் கலந்து, சிப்பிக்காளான் வகையான புளூரோட்டஸ் வித்தைத் தூவி, நிழலில் குவித்து, கையில் பிடித்தால் உதிராத அளவுக்கு ஈரம் காத்து, இடையிடையே புரட்டிப் போட்டால் ஒன்றரை மாதத்தில் நாற்றமில்லாத கருப்பு எரு கிடைக்கும். நார்க்கழிவு மலைபோல் கிடக்கும் பொள்ளாச்சியும் கோழி எரு மலைபோல் கிடக்கும் பல்லடமும் அடுத்தடுத்துத்தான் இருக்கின்றன. வியாபார வாய்ப்பு கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது.

மக்க வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. குவியலின் நடுவில் வெப்பம் 55 டிகிரியைத் தாண்டிச் சில நாள் நின்றால் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் செத்துவிடும். ஓரத்தில் வெப்பம் ஏறாது, அதனால்தான் புரட்டிப் போடச் சொல்கிறார்கள். கொத்தமல்லி, கீரை, வெள்ளரி, தக்காளி என்று பச்சையாகத் தின்னும் பயிர்களுக்கு மக்காத எரு போடுவது சரியில்லை. அமெரிக்க அங்கக வேளாண் விதிப்படி, விளைபொருள் மண்ணில் படும் பயிர் என்றால் மக்காத கால்நடை எரு இட்டு 120 நாளாவது கழித்துத்தான் அறுக்க வேண்டும். மண்ணில் படாதது என்றால் 90 நாள். கீரைக்கு இந்தக் கணக்கு எப்படியும் ஒத்துவராது, அது ஒரே மாதப் பயிர்.

மருந்துகளின் மிச்சம் பற்றியும் ஒரு வார்த்தை. கோழித் தீவனத்தில் ராக்சர்சோன் என்ற ஆர்செனிக் மருந்தைப் பல பத்தாண்டுகள் கலந்த அமெரிக்காவில், 2011ல் அதன் விற்பனை நின்றது. ஆர்செனிக் எரு வழியாக மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்தியாவில் உணவுக்கு வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை 2019ல் தடை செய்தார்கள். கோழிக்குக் கொடுப்பதில் ஒரு பகுதி எருவில் வருகிறது என்பதை மறக்கக்கூடாது. தொழிற்பண்ணை எருவை ஐரோப்பிய அங்ககச் சான்று விதிகள் ஏற்பதில்லை. மஞ்சளோ மிளகோ அங்ககச் சான்றோடு ஏற்றுமதி செய்ய நினைப்பவர்கள் எருவை இறக்கும் முன்பே சான்று நிறுவனத்திடம் கேட்டுவிட வேண்டும்.

எரு மண்ணை வளர்க்காதா என்றால், வளர்க்கும், ஆனால் தொழு உரம் அளவுக்கு இல்லை. கரிமம் குறைவு, மக்கும் வேகம் அதிகம். கரிமச்சத்து அரை சதவீதத்துக்கும் கீழே கிடக்கும் நம் செம்மண்ணுக்குச் சாணமும் தழையும் தக்கைப்பூண்டும் தருகிற நீடித்த பலனைக் கூண்டு எருவிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஒரு விஷயத்தில் மட்டும் இது சாணத்தை ஜெயிக்கும்: களை விதை. மாட்டுச் சாணத்தில் பார்த்தீனியமும் கோரையும் கூடவே வந்து முளைக்கும். கோழியின் இரைப்பைக் கல் விதையை அரைத்துவிடுவதால் கோழி எருவில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. களை எடுக்க ஆள் கிடைக்காத காலத்தில் இது சின்ன விஷயமில்லை.

என்ன விலைக்கு வாங்கலாம்

ஒரு டன் காய்ந்த எருவில் உள்ள 26 கிலோ மணிச்சத்து, ஒரு மூட்டை டி.ஏ.பி.யில் உள்ள 23 கிலோவை விடக் கொஞ்சம் அதிகம். 30 கிலோ தழைச்சத்து, ஒன்றரை மூட்டை யூரியாவுக்குக் கொஞ்சம் குறைவு; ஆனால் டி.ஏ.பி. மூட்டையிலேயே 9 கிலோ தழை இருப்பதையும், எருவின் தழையில் பாதிதான் உடனே கிடைக்கும் என்பதையும் சேர்த்தால் யூரியாவாக அரை மூட்டைக்கு மேல் மதிப்புப் போட வேண்டாம். மானிய விலையில் டி.ஏ.பி. 1,350 ரூபாய், யூரியா 266.50 ரூபாய் என்று வைத்தால் 1,500 ரூபாயை ஒட்டி வருகிறது. சாம்பல்சத்துக்கும் துத்தநாகத்துக்கும் கரிமத்துக்கும் மேலே எவ்வளவு சேர்ப்பது என்பது அவரவர் மண்ணைப் பொறுத்தது. பொட்டாஷ் கேட்கும் பயிருக்குக் கொஞ்சம் சேர்க்கலாம். மலை மண் என்றால் சுண்ணாம்புக்கும் ஒரு விலை போடலாம். சமவெளிச் சுக்கான் மண்ணில் அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இது காய்ந்த எருவுக்கான கணக்கு என்பதுதான் முக்கியம். வண்டிக் கணக்கில் பேசும்போது யாரும் ஈரத்தைப் பேசுவதில்லை. மழைக்காலத்தில் அள்ளிய எருவில் பாதி தண்ணீர் இருக்கும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் கையில் ஒட்டிக்கொண்டு வடிவம் நிற்கும். நன்றாகக் காய்ந்தது பொடியாக உதிரும், கண் எரியும் நெடி இருக்காது. ஈர எருவில் சத்தும் பாதிதான், ஆனால் லாரி வாடகை முழுசு. ஆகவே வண்டி பேசுகிறவர்கள் சித்திரை, வைகாசியில் பேசி, இறக்கிய அன்றே தார்ப்பாயோ தென்னங்கீற்றோ போட்டு மூடி, ஆடி உழவு வரைக்கும் நனையாமல் வைத்திருப்பது நல்லது.